தடித்த ஓரம்

மார்ச் 3, திங்கள்

கண்ணாடியின் ஃப்ரேம் உடைந்தது. நானேதான் மேலே உட்கார்ந்தேன். செய்து தந்த என் வீட்டுக்காரர் போய்ப் பதினொரு மாதம். அவர் கடைக்குப் போட்டியென்று இருபத்தெட்டு வருடம் மிதிக்காத எதிர்க் கண்ணாடிக்கடைப் படியை இன்று மிதித்தேன். "பழைய லென்ஸைத் தாங்கம்மா, ஃப்ரேம் மட்டும் மாத்தினாப் போதும்" என்றார் கடைக்காரர். ஓர் ஓரம் மட்டும் தடித்த அந்த லட்சணத்தை இவருக்குக் காட்டுவதா? புதிதாகவே செய்யச் சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

வந்துவிட்டது. இரண்டு ஓரமும் சமம். இதைத்தானே அவரிடம் கேட்டேன்? வந்தவர்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறேன்: "கட்டின பொண்டாட்டிக்கே ஒரு பக்கம் தடியாத் தேய்க்கிறீங்க. ஊருக்கு என்னத்தத் தேய்ப்பீங்க?"

சிரிப்பார். "அடுத்த தடவை பாத்துக்கலாம், இன்ஸ்பெக்டரம்மா."

மார்ச் 8

வாசல் விளக்கு இரண்டாகத் தெரிகிறது.

மார்ச் 10, திங்கள்

இல்லாத படியில் கால் வைத்து விழுந்தேன். முழங்கால் வீக்கம். "தனியா இருந்தது போதும்மா, எங்கூட வந்துடு" என்கிறாள் மகள். மூளையில் ஏதோ என்று பயப்படுகிறாள். நானும்தான்.

மார்ச் 11

சண்டை போடத்தான் கடைக்குப் போனேன். பழைய லென்ஸைக் கேட்டார், கொடுத்தேன். கருவியில் வைத்து இரண்டு முறை அளந்தார்.

"அம்மா, இதுல ப்ரிசம் வச்சிருக்கார். உங்க ரெண்டு கண்ணும் ஒண்ணா நிக்காது. வெளிச்சத்த வளைச்சு ஒண்ணு சேர்த்திருக்கார். அதான் ஒரு பக்கம் தடி. இவ்வளவு சுத்தமா எனக்கு வராது. அண்ணன் சொல்லலியா?"

சொல்லவில்லை. மாறுகண் என்று என்னிடம் எந்த வாயால் சொல்வார்?

மார்ச் 12

கான்வென்ட்டில் சிஸ்டர் ப்ரிசத்தை வெயிலில் பிடித்துக் காட்டினார். ஒளி தடித்த பக்கம் வளையும். ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவு வளைவதால் பிரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

வெள்ளைத் தட்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் தெரிகிறதென்று எத்தனை தடவை அவர்மேல் எரிந்து விழுந்தேன்! மூக்கின்மேலேயே ப்ரிசம் — தெரியலியே எனக்கு. ஏங்க, ஒரு தடவையாவது திருப்பிக் கத்தியிருக்கக் கூடாதா?

மார்ச் 15, சனி

"கனமான ஃப்ரேம் போட்டா தடிப்பு தெரியாதும்மா" என்றார் கடைக்காரர், பழைய லென்ஸைப் பொருத்த வாங்கிக்கொண்டு. மறைக்க வேண்டாம் என்றேன்.

மார்ச் 19, புதன்

புது ஃப்ரேமில் அவர் தேய்த்த லென்ஸ். வாசல் விளக்கு ஒன்றுதான். மகள் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. காலையில் தட்டைக் கழுவி வெயிலில் பிடித்தேன். ஓரத்தில் சிவப்பு, எதிர் ஓரத்தில் நீலம். கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன்.

மாலையில் மகள் வந்து கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா இது, ஒரு பக்கம் தடியா? ஒழுங்காத் தேய்க்கலியா?"

"ஒழுங்காத்தான் தேச்சிருக்கு" என்றேன். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.