உறைந்த நிலக்கரி

உலான்பாத்தர்
1996 டிசம்பர் 3

என் கோம்போவுக்கு,

குளிர்காலம் நலமாகக் கழிகிறதா? நான் நலம், தங்கை ஒயுனும் நலம். அவள் வீட்டுக்காரருக்கும் ஒரு குறையும் இல்லை, வாய் மட்டும் ஓய்வதில்லை. நான் வந்து இறங்கிய அன்றே இங்கே கரண்ட் போய்விட்டது. லிஃப்ட் ஓடவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கும்மிருட்டில் ஏழு மாடி தடவித் தடவி ஏறினேன். மேலே மெழுகுவர்த்தியோடு நின்றுகொண்டு, "மின்சார ஆபீசர் வீட்டம்மா வர்றாங்கன்னு தெரிஞ்சதும் கரண்ட் பயந்து ஓடிடுச்சு அக்கா!" என்று சிரிக்கிறார் அந்த மனிதர்.

கோபத்தில் கிளம்பி வந்தவள் கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் புறப்படுவதற்கு முந்தின நாள் சந்தையில் நடந்ததை உங்களிடம் சொல்லவே இல்லை. இறைச்சிக்கடை செவெல், தராசில் ஓர் ஆட்டுத் தொடையை வைத்துவிட்டு, "ஒரு மணி நேரம் இதைக் கண்ணால பாத்துட்டுப் போம்மா. காசை மட்டும் முழுசா வச்சிடு. உன் புருஷன் கரண்ட் கடையில அப்படித்தானே வியாபாரம்!" என்றாள். சந்தையே சிரித்தது. எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, அதுதான் பெரிய கொடுமை. இறைச்சி வாங்காமலே திரும்பினேன். அன்று இரவு உங்களுக்கு வெறும் சேமியா கஞ்சி வைத்தது அதனால்தான்.

நம் ஜன்னலில் கல் விழுந்தபோது பொறுத்துக்கொண்டேன். வாசற்கதவில் கரியால் "திருடன்" என்று எழுதியதை நானே துடைத்தேன். இனிமேல் முடியாது. புத்தாண்டு வெள்ளை மாதம் பிறப்பதற்குள் அந்த வேலையை விட்டுவிடுங்கள். விட்டால் அடுத்த ரயிலிலேயே வந்துவிடுகிறேன், இல்லை நீங்கள் இங்கே வாருங்கள். விடாவிட்டால் எனக்குத் தங்கை வீடே போதும். இது மிரட்டல் இல்லை. களைத்துப் போய்விட்டேன், அவ்வளவுதான்.

ரயில் கண்டக்டர் பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கம்பளி உள்ளாடையை மறக்காமல் போடுங்கள்.

யஞ்மா


ஹர்சுலூ
1996 டிசம்பர் 15

அன்பு யஞ்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல கெட்டிலை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இருக்கிற ஓட்டைக் கெட்டிலில் உப்புப் பால்தேநீர் வைத்தால் பாதி அடுப்பு குடிக்கிறது, பாதி நான் குடிக்கிறேன்.

செவெல் சொன்னதில் என்ன தப்பு? நான் அவள் இடத்தில் இருந்தால் தொடையைத் தராசில்கூட வைத்திருக்க மாட்டேன். இங்கே மின் நிலையத்தில் மூன்று கொதிகலன்களில் ஒன்று எப்போதோ செத்தது. இன்னொன்றுக்குப் புதுக் குழாய் கேட்டு எழுதி எழுதிக் கை தேய்ந்தது. தலைமை ஆபீசில் குழாய்க்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு கார் வாங்கினார்கள். அந்தக் காரிலேயே ஒரு பெரிய மனிதர் வந்து இறங்கி, குழாயை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று என்னை விசாரித்துவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் கட்டுகிற பணம் அப்படியே தலைநகருக்குப் போகிறது. அங்கிருந்து சுற்றறிக்கை மட்டும் திரும்பி வருகிறது. கட்டணத்தை ஏற்றுவது அவர்கள், இணைப்பை வெட்டுவது நான், பேச்சு வாங்குவது நீ. உன்னிடம் எந்த முகத்தோடு சமாதானம் சொல்வேன்?

ஆனால் நான் போனால் யார் வருவார்கள் என்று பார். யாரோ ஒருவரின் மருமகன் வருவான். கொதிகலனைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான். நிலையம் நின்றால் விளக்கு மட்டுமா அணையும்? ஊரைச் சூடாக வைத்திருக்கிற தண்ணீரும் இங்கிருந்துதானே போகிறது. இந்தக் குளிரில் அது ஒருமுறை உறைந்து குழாய்கள் வெடித்தால், பிரசவ வார்டும் பள்ளி விடுதியும் வசந்தம் வரும்வரை ஐஸ்பெட்டிதான். அந்தப் பயத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலி ஆசையில் இல்லை.

நேற்று மாலை வடக்குத் தெருக்களுக்கு நானே மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வானத்தில் ஊசி குத்த இடமில்லை, யஞ்மா. இவ்வளவும் இத்தனை நாள் நம் தலைக்கு மேலேதான் இருந்ததா என்று திகைத்துப் போனேன். பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பெண் குரல், "பாருடி, கோம்போவோட நட்சத்திரம் வந்தாச்சு, இனி விளக்கு எரியாது" என்றது. ஊரில் மின்வெட்டுக்கு அப்படித்தான் பெயராம். கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வாயா?

உன் கோம்போ


உலான்பாத்தர்
1997 ஜனவரி 11

என் கோம்போவுக்கு,

நட்சத்திரத்தைக் காட்டி மயக்குகிற வயதா நமக்கு?

பிப்ரவரியிலிருந்து கட்டணம் மறுபடியும் ஏறுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது, எவ்வளவு என்று காதில் விழவில்லை. ஹர்சுலூவில் எல்லாரும் சேர்ந்து உங்கள் நிலையத்துக்கு வரப் போகிறார்களாம், கண்டக்டர் பெண் சொன்னாள். பழைய மல்யுத்தக்காரர் தம்தின்தான் முன்னால் வருகிறாராம். அவர் கை உங்கள் இடுப்பளவு. அவர்கள் வருவதற்குள் ராஜினாமாவை எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஊருக்கு இன்னொரு ஆபீசர் கிடைப்பார். எனக்கு இன்னொரு புருஷன் வேண்டாம்.

நான் சொன்ன கெடு அப்படியேதான் இருக்கிறது.

யஞ்மா


ஹர்சுலூ
1997 ஜனவரி 26

அன்பு யஞ்மாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அடி படவில்லை. இடது கால் பெருவிரல் மட்டும் வீங்கியிருக்கிறது. மற்றதைப் பொறுமையாகப் படி. இன்னும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வியாழக்கிழமை காலை வந்தார்கள். பாதி ஊர் இருக்கும். கையில் பில்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சு ஆவியாகப் பறக்க, கேட்டை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கோ உள்ளே அன்று மாலை வரைக்கும்தான் நிலக்கரி. முந்தின நாள் வந்த சரக்கு வேகன்கள் பின்னால் தண்டவாளத்தில் நிற்கின்றன, ஆனால் ஈர நிலக்கரி வழியிலேயே உறைந்து வேகனோடு வேகனாகப் பாறையாகிவிட்டது. என் ஆட்கள் ஆறு பேர் விடியற்காலையிலிருந்து குத்தியும் ஒரு கூடை பெயரவில்லை. அந்த நேரத்தில்தான் நான் கேட்டைத் திறந்தேன்.

"இருட்டுக்கு எதுக்குய்யா காசு? இருட்டு ஓசியிலயே கிடைக்குதே!" என்று செவெல் கத்தினாள். பின்னாலிருந்து தள்ளினார்கள். தம்தின் முஷ்டியை ஓங்கிக்கொண்டே என்மேல் வந்து மோதினார், அவருடைய மொத்தக் கனமும் என் காலில் இறங்கியது. உயிர் போய்விட்டது எனக்கு.

காலை மிதித்துவிட்டால் மன்னிப்புக்குக் கை கொடுக்காமல் நம்மால் இருக்க முடியுமா? நடக்கப் பழகும்போதே பழகுகிற பழக்கம். ஓங்கின முஷ்டி விரிந்து தானாக என் பக்கம் நீண்டது. என் கையும் நான் கேட்காமலே போய் அதைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் என்ன செய்கிறோம் என்று உறைத்தது.

"கையைக் குடுத்துட்டீங்களே அண்ணே, இப்ப எப்படி அடிப்பீங்க?" என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான், சிரிப்பு வெடித்தது. தம்தினும் சிரித்தார், ஆனால் கையை விடவில்லை. நானும் விடவில்லை. "அடிக்கிறதுன்னா அப்புறமா அடிங்க. முதல்ல உள்ள வந்து பாருங்க" என்று அப்படியே இழுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள்.

கொதிகலனைக் காட்டினேன், மீதியிருந்த கரியைக் காட்டினேன், வேகன்களைக் காட்டினேன். குழாய்க் காசில் கார் வாங்கிய கதையையும் சொன்னேன். இத்தனை வருடம் நிர்வாக விஷயம் என்று வாயைப் பூட்டி வைத்திருந்தேனே, அந்தப் பூட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. புதுக் கட்டணத்தை நான் வசூலிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

யாரும் கைதட்டவில்லை. செவெல் வேகன்மேல் ஏறி அந்தக் கரியைத் தட்டிப் பார்த்தாள். "உறைஞ்ச மாட்டை நாங்க தினமும் பொளக்கிறோம். இது என்ன பெரிசு?" என்று இறங்கிப் போய்விட்டாள். கூட்டமும் கலைந்தது. தொலைந்தோம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள், யஞ்மா! கோடாரி, கடப்பாரை, கூடாரக் கழி, எது அகப்பட்டதோ அதோடு வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார், நர்சுகள், பால்காரர், நான் இணைப்பை வெட்டிய வீட்டு ஆட்கள், எல்லாரும். இருட்டும்வரை அடித்தார்கள். இமையெல்லாம் வெண்பனி படிந்து ஆளை ஆள் அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் என்னைத் திட்டிக்கொண்டே அடித்தார்கள், "இது கோம்போ மண்டைக்கு! இது ஆபீஸ் காருக்கு!" என்று. ஒரு வேகன் கரி மொத்தமாகப் பிளந்து சரிந்தபோது பூமி அதிர்ந்தது. புகைபோக்கியில் மறுபடியும் கருப்பாகப் புகை எழுந்ததும் அவ்வளவு பேரும் தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர்களுக்கா நான் பில் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று மலைப்பாக இருந்தது. ஊர் எவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்று காலை தலைமை ஆபீஸ் தந்தி வந்தது. என்னை நீக்கிவிட்டார்கள். ஆக, நீ கேட்டது நடந்துவிட்டது, கெடுவுக்கு முன்பே. நான் ரயில் ஏறி உன்னிடம் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பதில் யாரையும் இன்னும் அனுப்பவில்லை. குழாய் கசிகிறது. ஆட்கள் வந்து, "அண்ணே, ஆபீசர் பதவி போனா போகட்டும், நீங்க இருங்க" என்கிறார்கள். சம்பளம் கிடையாது. கரி அள்ளுகிறேன், குழாய்க்குக் கட்டுப் போடுகிறேன். வேலையை விட்டாயிற்று யஞ்மா, நிலையத்தை விட முடியவில்லை. குளிர் குறையும்வரையாவது இருக்கத்தான் வேண்டும். இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியவில்லை. வா என்று வற்புறுத்த எனக்கு வாய் இல்லை.

உன் கோம்போ


உலான்பாத்தர்
1997 பிப்ரவரி 2

என் கோம்போவுக்கு,

வேலையை விடுங்கள் என்றேன். சம்பளத்தை மட்டும் விட்டுவிட்டு வேலையை வைத்துக்கொள்ளுங்கள் என்றா சொன்னேன்? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இவரை நம்பி இனிமேல் எதையும் சொல்லக்கூடாது என்று ஒயுனிடம் அழுதேன்.

மறுநாள் அவளுடைய பில்லைக் கட்டப் போனேன். வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. எனக்கு முன்னால் ஒரு தாத்தா, "ஹர்சுலூன்னு ஒரு ஊராம். அங்க ஒரு ஆபீசர், புதுக் கட்டணத்தை வாங்கவே மாட்டேன்னுட்டாராம். ஊரே திரண்டு வந்து நிலக்கரியைப் பல்லால கடிச்சு உடைச்சாங்களாம்!" என்றார். "பல்லால இல்லை, கோடாரியால" என்றேன். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். அவர் என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். எத்தனையோ நாளாக யாரிடமும் சொல்லக் கூசிய வார்த்தை. வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தாத்தா தொப்பியைக் கழற்றினார். அவருக்கு முன்னால் நின்றவரும் கழற்றினார். அந்தக் குளிரில், கோம்போ! உங்களோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், உங்களை நினைத்து வாய் பிளந்து நின்றது அன்றைக்குத்தான்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதை நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

புதன்கிழமை ரயிலில் வருகிறேன். என்னை அழைத்துப் போக ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். நான் வந்து சேரும்வரை அந்தக் கொதிகலனை விட்டு ஓர் அடிகூட நகராதீர்கள்.

யஞ்மா