பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே

9 செப்டம்பர் 2025
இன்று பிலிமத்தலாவைக் கடையைப் பகலிலேயே பூட்டினேன். கண்டி ஆஸ்பத்திரியில் புஷ்பத்தின் பரிசோதனை முடிவு வந்தது. பொருந்துகிறதாம். திருச்சியில் கல்யாணம் செய்து அங்கேயே தங்கிவிட்ட தன் தம்பி ராஜலிங்கத்துக்குச் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கப் போகிறாள்.

பஸ்ஸில் கேட்டேன், "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? எனக்கு ரெண்டு வேல செய்யுது, அவனுக்கு ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்து வாந்தி எடுத்தாள். கண்டியிலிருந்து வீடு வரும் சின்னத் தூரமே என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது.

18 செப்டம்பர்
அக்குறணையில் லாபிரின் டிக்கெட் கடைக்குப் போனோம். திருச்சி ஆஸ்பத்திரி சொன்ன கிழமைக்குக் கொழும்பிலிருந்து இடமில்லை. யாழ்ப்பாணம் போய்ப் பலாலி விமான நிலையத்தில் ஏறலாமாம்.

"எவ்வளவு நேரம் மேல இருக்கணும் தம்பி?" புஷ்பத்தின் ஒரே கேள்வி அதுதான்.

"ஒரு மணித்தியாலம் போல வரும். நூத்தியெண்பது கிலோமீட்டர் சொச்சம். இங்கேந்து யாழ்ப்பாணம் போறதுதான் தூரம், கடலு கொஞ்சந்தான்."

"அப்ப ஒரு மணித்தியாலம் மூச்சப் பிடிச்சுக்கிறேன்."

லாபிர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

2 அக்டோபர்
எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபரேஷன் மேசையில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? — சொன்னால் நிற்பாளா? நிற்கமாட்டாள்.

7 அக்டோபர், யாழ்ப்பாணம்
நாங்கள் ஏறிப் போன விமானம் திரும்பிவிட்டது! திருச்சிக்கு மேலே ஒரே மழை மேகம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இறங்க முடியாது, பலாலிக்கே போகிறோம் என்று அறிவித்தார்கள். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. இறங்கியதும் ஒரு கதிரையில் கண்ணை மூடிச் சாய்ந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"போதும் புஷ்பம். வீட்டுக்குப் போயிடுவோம். பெறகு பார்ப்போம்."

"அவனுக்குப் பெறகு ஏதுங்க? எனக்கு வர்றது வாந்திதானே, சாவா?"

கவுண்டர்ப் பிள்ளை கேட்டாள், "நாளைக்கு இடம் இருக்கு அம்மா. ஆனா காலநிலை சொல்லேலாது. ஏறுவியளோ?"

"ஏறுவேன். நாளைக்கும் திரும்பினா நாளன்னைக்கும் ஏறுவேன்."

இவளோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேனா? தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

8 அக்டோபர், திருச்சி
இறங்கிவிட்டோம். இன்றும் அதே பாடுதான். படியிறங்குமுன் முந்தானையால் வாயைத் துடைத்து, தலையைச் சரிசெய்து, பொட்டை நேராக்கிக்கொண்டாள். "இந்தக் கோலத்துல பார்த்தா தம்பி பயந்துருவான்."

தம்பி சக்கர நாற்காலியில் வந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். "அக்கா, பிளேன் எப்படி?" என்றான்.

"சும்மா கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துருச்சுடா."

5 நவம்பர்
அனுமதி எல்லாம் கிடைத்து, காலையில் இருவரையும் உள்ளே கொண்டுபோனார்கள். புஷ்பம் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள் — ஏதோ சந்தைக்குப் போகிறவள் போல.

6 நவம்பர்
இரண்டு பேரும் கண் திறந்துவிட்டார்கள். முருகா.

19 நவம்பர்
சிறுநீரகம் கெட்டதிலிருந்து ராஜலிங்கத்துக்கு நாக்கை நனைக்கும் அளவுக்குத்தான் தண்ணீர். இன்று டாக்டர், தாராளமாகக் குடிக்கலாம் என்றார். அவன் போத்தலை வாங்கி அண்ணாந்தான்.

புஷ்பம் வயிற்றுக் கட்டின்மேல் கையை வைத்தபடி எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவாடா, பொரையேறப் போகுது" என்றாள்.

அவன் போத்தலை இறக்கவே இல்லை.