இரண்டு பொட்டலங்கள்

தலத்தெரு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகளுக்கு,

ஈசன் திருவருள் உனக்குத் துணை நிற்பதாக. ஒரே வீட்டிலிருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேனே என்று வியக்காதே. நேரில் சொல்ல நா எழவில்லை. கண் மங்கியதால் வரிகள் கோணியிருக்கும், பொறுத்துக்கொள்.

சென்னையில் தொழில்நுட்ப ஆசிரியர் கல்வி முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, "மெஷின் எனக்குத் தெரியுது மாமா, அதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கத்தான் தெரியல" என்றாய். பாலிடெக்னிக்கில் ஆறாண்டு கற்பித்தவள் அப்படிச் சொன்னது என்னை நெகிழ்த்தியது. ஆயினும், சுவாமி சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

நீ எடுத்த பொட்டலத்தில் சிவப்பு அரளி இருந்தது.

"சாமியே வேணாம்னுட்டாரு மாமா. கடைசி பெஞ்சுல தூங்குற பயலுவளுக்குக் கொண்டாட்டம்தான்" என்று சிரித்தாய். வீடு திரும்பியதும் கொல்லைப்புறம் போனவள் வெகுநேரம் வரவில்லை.

அம்மா, மற்றப் பொட்டலத்திலும் சிவப்பு அரளியே இருந்தது. இரண்டையும் மடித்தவன் நான். அறுபது ஆண்டுகள் பதிகம் ஓதிய வாயால், அதை ஈசன் திருவுள்ளம் என்றும் சொன்னேன்.

துபாயிலிருக்கும் உன் கணவனிடம் இன்று காலை உண்மையைச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை சேரலாம் என்று கல்லூரியில் விசாரித்துச் சொன்னான். நீ போக வேண்டும். மாலையில் மாமாவுக்குப் பதிகம் படித்துக்காட்ட யார் இருக்கிறார்கள் என்று தயங்குவாய்.

பொட்டலங்களை மடித்தபோது நானும் அதைத்தான் நினைத்தேன்.

உன் மன்னிப்பைக் கேட்கவும் கூசும்
மாமனார்