நூற்றெட்டுப் புளியங்கொட்டை

என் ஆசைக் கோமு மதினிக்கு,

ஊர் பார்க்க நீ எனக்கு மதினி. நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஏட்டி. ஏட்டி கோமு, நேற்று நான் மேடையேறிவிட்டேன்! மைக்கைப் பிடித்துப் பேசினேன்! பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடச் சொன்னாலே உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த அதே வடிவுதான். 

தெற்கு ரத வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இது நடக்கிறது. அறுபது தாண்டியவர்கள் தங்கள் இளவயதுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும், தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது, பத்து நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்கள். உன் மகள் செல்விதான் என்னைக் கேட்காமலே என் பேரைக் கொடுத்துவிட்டாள். இதற்கெல்லாம் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துப் போனால், சாப்பாட்டுக்கூடத்து நாற்காலிகளைக்கூட எடுத்துப் போட்டிருந்தார்கள்.

எனக்கு முன்னால் பேசியவர் சிவகிரி அண்ணாச்சி ஒருத்தர், பழைய கண்டக்டர். தான் வேலை பார்த்த பஸ்ஸிலேயே சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டே தாலி கட்டப் போன கதையைச் சொன்னார். “மாமனாருக்கும் கிழிச்சேரா வே?” என்று ஒருத்தர் கத்த, “அவருக்குத்தான் முதல் டிக்கெட்!” என்றார். மண்டபமே அதிர்ந்தது. அடுத்து என் பேரைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் என் அண்ணன், அதான் உன் வீட்டுக்காரர், கம்பை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் வேறு கதை சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். காரணம் உனக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நம் ஆடிச்சுற்றைத்தான் சொன்னேன். உன் அப்பா உன்னைத் திருவேங்கடம் ஊரில் இருந்த அத்தை மகனுக்குப் பேசி முடிக்கப் பார்த்தார். நீயோ என் அண்ணனையே கட்ட வேண்டும், பிள்ளை குட்டியோடு வாழ வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டாய். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் கோயிலை நூற்றெட்டுச் சுற்று. “நீ சாமிய நெனச்சு நட, எண்ணுத வேலைய நான் பாக்கேன்” என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். தாவணி முந்தியில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை. சுற்றுக்கு ஒன்றைக் கீழே போட வேண்டும். கொட்டை தீர்ந்தால் சுற்று முடிந்தது.

நான் செய்த கூத்தைக் கேள். அம்மா வறுத்து வைத்திருந்த கொட்டையை எண்ணி முந்தியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்! பசி வேறு. கை சும்மா இருக்குமா? நடுநடுவே ஒன்று வாய்க்குள் போய்விட்டது. கொட்டை சீக்கிரமே தீர்ந்தபோதுதான் திக்கென்றது. எத்தனை தின்றேன்? பத்தா, இருபதா? கால் வீங்கி நின்ற நீ, “முடிஞ்சுட்டாட்டி?” என்றாய். “முடிஞ்சுட்டு” என்றேன்.

இதுவரைக்கும் மண்டபம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. அப்புறம் மிச்சத்தையும் சொன்னேன். கல்யாணம் நடந்தது, ஆனால் ஆறு வருஷம் உனக்குப் பிள்ளையில்லை. ஒவ்வொரு முறை நீ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு முகம் வாடித் திரும்பியபோதும், என்னால்தான் என்று நான் செத்தேன். அழுகிற உன்னிடம் எப்படிச் சொல்ல? செல்வி பிறந்த பிறகு சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்தே இரண்டு ஆடி கழிந்துவிட்டது. “அண்ணே, உங்களுக்கு இத்தன நாளும் துரோகம் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். மணி அடிக்க வேண்டிய பெண் அடிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் எழுந்தார். அதிகம் பேசாத மனுஷன், உனக்குத் தெரியாததா?

“ஏட்டி வடிவு, அழாத. அவளுக்கு அன்னைக்கே தெரியும். பக்கத்துல நடக்கையில கடக்கு முடக்குன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம்.”

மண்டபம் மறுபடி வெடித்தது. அண்ணன் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

“எத்தனன்னு கேட்டா நீ அழுதுருவன்னு கேக்கல. மறுநா தனியா வந்து, முதல்ல இருந்து நூத்தெட்டையும் சுத்திட்டா. ‘அவளா சொல்லுத வரைக்கும் நீங்க வாயத் தொறக்கப்புடாது’ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா.”

ஏட்டி! வீங்கின காலோடு இன்னொரு நூற்றெட்டா? மேடையிலேயே உட்கார்ந்து அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். செல்வி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். புளி தட்டும்போதெல்லாம் “கொட்டை வறுக்கட்டுமாட்டி?” என்று என் முகத்தையே பார்ப்பாயே, கள்ளி! அது எதற்கு என்று நேற்றுத்தான் விளங்கியது. நான் வாயைத் திறப்பேன் என்று எத்தனை வருஷம் காத்திருந்தாய்? ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கக் கூடாதா? நான்தான் சொல்லியிருக்கக் கூடாதா?

அடுத்த மாதம் கொடியேறுகிறது. நான் சுற்றப் போகிறேன் கோமு. எத்தனை தின்றேன் என்று தெரியாததால் முழு நூற்றெட்டும் சுற்றுவேன். முட்டி ஒத்துழைக்காது, ஒரு நாளைக்குப் பத்து என்று தபசுக்குள் முடித்துவிடுவேன். கொட்டை அண்ணன் கையில் இருக்கும். வறுக்காத கொட்டைதான். வறுத்திருந்தாலும் நீ பயப்பட வேண்டாம், எனக்கு இப்போது கடிக்கப் பல் இல்லை.

இந்தத் தடவை ஒன்றுகூடக் குறைக்காமல் சுற்றப்போகும்
உன் நாத்தனார்,
வடிவு