தோளை அளக்காத வளைவு

ஆற்றுத் திருவிழா முடிந்து நாலு நாளாகிறது. சமையலறை மூலையில் ஒரு பையில் சுருளிக்கிழங்கு வேகவைக்காமல் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஈர மண்ணின் வாசனை வருகிறது. வருடா வருடம் ஆற்று மணலில் நீதான் பேரம் பேசி வாங்குவாய். நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்த வருடம் நானே வாங்கினேன், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் அங்கேயே திட்டியிருப்பாய். ஆனால் அன்று நான் செய்த வேறொரு காரியத்துக்கு நீ திட்டியிருக்க மாட்டாய் என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு எதுதான் உறுதியாகத் தெரிந்திருக்கிறது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆற்றங்கரைப் புறம்போக்கைச் சுற்றுலா இடமாக்கக் குத்தகைக்கு விட்ட செய்தி வந்தபோது நாம் இருவரும் கரையில்தான் இருந்தோம். நீ தண்ணீரில், நான் படியில். நாற்பது வருடமாக அதுதான் நம் ஏற்பாடு. நீ நீந்துவாய், நான் உன் வேட்டியைக் காவல் காப்பேன். அடுத்த மாதமே கம்பி வேலி வந்தது, நாற்காலிகள் வந்தன, சிமெண்டில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்தது. உள்ளே போக டிக்கெட், குளிக்கத் தனி டிக்கெட். மாலை ஐந்து மணிக்குப் பூட்டு. வயல் வேலை முடிந்து பெண்கள் கைகால் கழுவ வருவதே அதற்குப் பிறகுதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"ஆத்துல எறங்க டிக்கெட்டாம்டா. நாளைக்கு மழையில நனைஞ்சா இன்னா கேப்பான்?" என்று நீ சிரித்தாய். நான் முறைப்படி மனு எழுதினேன். வரைபடத்தில் பொது வழியைச் சிவப்பு மையில் காட்டி இணைத்தேன். வேலையில் இருந்த காலம் முழுக்க வரைபடம் போட்டவனுக்கு வேறென்ன தெரியும்? பதில் வரவில்லை. "ஒன் மனுவுல எவனாவது சுண்டல் மடிச்சித் தின்னுருப்பான். படம் நல்லா இருந்திருக்கும்" என்றாய்.

பிறகு உன் நுரையீரல் உன்னைப் படுக்கவைத்தது. ஐப்பசி மழையில் ஆற்றில் புதுத் தண்ணீர் ஓடுவதாக யாரோ சொல்ல, நீ எழுந்து உட்கார்ந்தாய். "நீந்த வேணாண்டா. முட்டிவரைக்கும் காலு நனைஞ்சா போதும். ஒரு வாட்டி கூட்டிட்டுப் போ."

ஆட்டோவில் போனோம். வாசலில் தடுப்புக் கம்பி இறங்கியிருந்தது. உள்ளே கல்யாண ஜோடி ஒன்றுக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், இடம் முழுவதும் அவர்களுக்குத்தானாம். நான் இரண்டு டிக்கெட்டுக்குப் பணத்தை நீட்டியும் காவலாளி வாங்கவில்லை.

"இன்னைக்கு புக்கிங், பெரியவரே. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு இருப்பேனான்னு டாக்டரக் கேட்டுட்டு வந்து சொல்லட்டுமாப்பா?" என்று நீ கேட்டாய். அவன் முகம் மாறிவிட்டது. கம்பியில் கை வைத்தான். அப்போதுதான் குத்தகைக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்தார்.

"ரூல் ரூல்தாங்க. ஒருத்தர உட்டா ஊரே வரும்."

"ஊரு ஆத்துக்கு ஊரு வராம?" என்றாய்.

அவர் கைப்பேசியைப் பார்த்தார். உன்னைப் பார்க்கக்கூட இல்லை. நீ என் பக்கம் திரும்பி, "ஆட்டோவத் திருப்பச் சொல்றா. நீ நடுங்கற நடுக்கத்துல வண்டியே ஆடுது" என்றாய். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

கார்த்திகையில் நீ போய்விட்டாய். காரியங்களை ஆற்றங்கரையில் செய்யவும் அவர் விடவில்லை. நாலு பேர் வந்துபோகும் சுற்றுலா இடமாம், அசுத்தமாகிவிடுமாம். உன் கருமாதி மோட்டார் கொட்டகையில் நடந்தது. உன் மகன் போர்வெல் தண்ணீரில் முழுகினான். குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அன்றுதான் எனக்குள் ஏதோ ஒன்று கெட்டியாகி உட்கார்ந்தது. இன்றுவரை அது கரையவில்லை.

மார்கழியில் குத்தகைக்காரர் நம் கோயிலுக்கு வந்தார். பொங்கல் கூட்டத்துக்காக ஆற்றுக்குப் போகும் பாதையின் குறுக்கே இரும்பில் அலங்கார வளைவு கட்டப்போகிறார். திருவிழாவுக்கு நம் அம்மன் அதன் வழியாகத்தானே ஆற்றுக்குப் போகவேண்டும்? அதற்கு அளவு வேண்டும். தர்மகர்த்தா என்னைக் காட்டி, "ஐயா இருக்கார், புடிச்சிக்கச் சொல்லுங்க" என்றார். மண்டபத்தில் இருந்த பல்லக்கைத் தரையிலிருந்து குடையின் உச்சிவரை அவர் அளந்தார். டேப்பின் மறுமுனை என் கையில். மேலே ஒரு முழம் கூட்டிக்கொண்டார். பெருந்தன்மையாக.

"சரிதானே, சார்?"

நான் டேப்பைப் பார்த்தேன். "பல்லக்கோட அளவு சரிதாங்க" என்றேன்.

பொய் இல்லை. அவர் அளந்தது தரையில் இருந்த பல்லக்கை. அது போவது தோளில். முன் தண்டில் இத்தனை வருடம் நின்ற உன் தோள் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். நீ போனபின் அந்த இடத்தில் நிற்கும் உன் மகன் உன்னைவிட நாலு விரல் உயரம். ஊரில் தோளேறிய அம்மன் ஆற்றுத் தண்ணீர் படும்வரை இறங்கக்கூடாது. குடையை மடக்கக்கூடாது. நம் அம்மன் இறங்காமல் வேறெந்த ஊர்ச் சாமியும் தண்ணீரில் இறங்காது. இவ்வளவும் தெரிந்து நான் வாயை மூடிக்கொண்டேன். பயந்தவன் பேசாமல் இருப்பதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

வளைவைப் பொங்கலுக்கு முதல் நாள்தான் நிறுத்தினார்கள். ஊதா நிறம். எட்ட நின்று பார்த்தால் உயரமாகத்தான் தெரிந்தது.

தை ஐந்தாம் நாள் மேளத்தோடு அம்மன் வந்தாள். குடையின் கலசம் இரும்பில் 'ணங்' என்று இடித்ததும் மேளம் நின்றது. பின்னால் பல ஊர்ச் சாமிகள் டிராக்டரில் வரிசையாக நின்றுவிட்டன. சைக்கிள், குழந்தைகள், கரும்புக் கட்டு, எல்லாம் பாதையில் நெருக்கியடித்தன.

"கொஞ்சம் எறக்கி, குனிஞ்சாப்ல தூக்கிட்டுப் போங்கப்பா" என்றார் குத்தகைக்காரர்.

உன் மகன் கழுத்து நரம்பு புடைக்க நின்றபடியே, "மொதல்ல நீ ஒன் வளைவக் குனியச் சொல்லுய்யா" என்றான்.

கிழங்குக்காரி கூடையோடு எழுந்துவிட்டாள். "இன்னாய்யா, ஆத்தாளுக்கும் டிக்கெட் கிழிக்கப் போறியா? ஒசரத்த அளந்து அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. தோள் மாற்றி மாற்றி ஆட்கள் நின்றார்கள், பல்லக்கு இறங்கவில்லை. குத்தகைக்காரரின் சட்டை வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியது. கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சார், நீங்கதானே கூட இருந்து அளந்தீங்க!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குரல் வந்தது.

"நீங்க பல்லக்க அளந்தீங்க. தூக்கறவன் தோள அளக்கல. ஐப்பசியில ஆட்டோவுல வந்து தண்ணி கேட்டானே, அவன் தோள்ல போன பல்லக்கு இது. அன்னைக்கும் நீங்க அவனப் பாக்கல."

அவருக்கு நினைவு வந்தது. முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் நான் மார்கழி முழுக்கக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

வளைவைக் கழற்றும்படி அவர் வாயாலேயே சொன்னார். சங்கிலி கட்டி ஒரு டிராக்டர் இழுத்தது. வளைவு போனபோது வேலியும் கொஞ்ச தூரம் கூடவே போனது. அம்மன் நிமிர்ந்தபடி ஆற்றில் இறங்கினாள். ஊரே பின்னால் இறங்கியது. ஒருவரும் டிக்கெட் வாங்கவில்லை. சாமிக்கு முன்னால் பழிதீர்த்தது தவறோ என்று அன்று இரவு யோசித்தேன். தவறென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று அவருடைய மேனேஜர் வீட்டுக்கு வந்தார். வருகிற திங்கட்கிழமை கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம். வேலியை மறுபடி போடுவதா, கரையை ஊருக்கே விடுவதா என்று கேட்கப்போகிறார்கள்.

"நீங்க எதிர்த்துப் பேசாம இருந்தா போதும், சார். ஒங்க சிநேகிதர் பேருல ஆத்தோரமா ஒரு பெஞ்ச் போட்டுடறோம். கிரானைட்டுலயே."

"அவன் பெஞ்ச் கேக்கலிங்க. தண்ணி கேட்டான்" என்றேன். காப்பி கொடுக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்தவரைக் காப்பி இல்லாமல் அனுப்பியது இதுதான் முதல் தடவை. மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

எனக்கென்று சொந்தமாகக் கோபம் இருந்ததில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கும் சேர்த்து நீதான் கோபப்பட்டாய். என் சார்பில் சண்டை போட்டாய், அடியும் வாங்கினாய். இப்போது அது முழுவதும் என்னிடம் வந்திருக்கிறது. கனமாகத்தான் இருக்கிறது. இறக்கிவைக்கச் சொல்லி வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு விருப்பமில்லை. திங்கட்கிழமை போகிறேன். பேச வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன், அங்கே போனதும் பாதி மறந்துவிடும். மறந்தால், அன்று ஆட்டோவில் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.