ஃபிரிட்ஜுக்கு அடியில் நின்ற தண்ணீர்

அக்கா,

இன்று காலையும் ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர். விளக்கேற்றப் போனபோது காலில் சில்லென்று பட்டது. உடனே உங்கள் மல்லிகைதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. உங்கள் பூ என் ஃபிரிட்ஜை விட்டுப் போனது அதற்கும் முன்னால். பிறகு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அடுப்படியில் நிற்கவே முடியவில்லை.

மேனாம்பேடு பஸ் நிறுத்தத்தில் விற்றது போக மிஞ்சிய பூவை ஈரத்துணியில் சுற்றி, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் என் ஃபிரிட்ஜில் வைக்கக் கொண்டு வருவீர்கள். மாடிப்படி ஏறும்போதே, "பெருமாளம்மா, பூவுக்கு எடம் கீதா?" என்று குரல் வரும். பெருமாளம்மா, என் பூஜையைப் பார்த்து நீங்கள் வைத்த பெயர்.

தரை நனையத் தொடங்கியதும் நான் கணக்கு நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் தண்ணீர் நின்ற நாள் ஒரு பக்கம், நீங்கள் பூ வைத்த நாள் ஒரு பக்கம். எல்லாம் பொருந்தியது. பொருந்தாமல் எப்படிப் போகும், நீங்கள் பூ வைக்காத நாள் ஏது? அது அன்று தோன்றவில்லை. நோட்டை உங்களிடமே நீட்டினேன். எழுத்து தெரியாத நீங்கள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, என் பூவு அவ்ளோவா அழுவுது உன் ஊட்ல?" என்று சிரித்தீர்கள்.

மறுநாளிலிருந்து தூக்கு வரவில்லை. மிஞ்சினால் வாடிவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்க, தினமும் விடியலில் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறினீர்கள். உங்களைக் கொண்டுபோன நெஞ்சு வலி அந்த அலைச்சலால் என்று யாரும் சொல்லவில்லை. பழைய சர்க்கரை நோய் என்றார்கள். நான்தான் என்னையே கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

இன்று பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்தேன். போனில் பார்த்தபடி, காய்கறிப் பெட்டிக்கு மேலே பின்சுவரில் சின்னத் துளை ஒன்றைக் கண்டுபிடித்தேன். உருகும் நீர் அதன் வழியாகத்தான் பின்னால் இறங்க வேண்டுமாம். துடைப்பக் குச்சி உள்ளே போகவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சால் வெந்நீரைப் பீய்ச்சி, மறுபடி குச்சியால் நோண்டினேன். கறுத்துச் சுருண்டு ஏதோ குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தது. மல்லிகை இல்லை அக்கா, துளசி.

பெருமாளுக்குப் பறித்ததைச் சமையல் டப்பாவில் போட மனம் வராமல், திறந்த தட்டில் ஃபிரிட்ஜுக்குள் மேலடுக்கில் வைத்தது நான். "மூடி வையேன், காஞ்சி பறக்குது பாரு" என்று ஒருமுறை சொன்னீர்கள். சாமிக்கு உள்ளதற்கு மூடி எதற்கு என்று கேட்டவளும் நான்தான்.

நோட்டின் அந்தப் பக்கத்தில் 'தப்பு' என்று எழுதினேன். யாரிடம் நீட்டுவது? சாயங்காலம் கீழே இறங்கி உங்கள் மகளிடம் அந்தத் தூக்கைக் கேட்டேன். எதற்கு என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தூக்கைக் கழுவிக் கையில் கொடுத்தாள்.

துளசி இப்போது அதில்தான் இருக்கிறது, மூடியோடு. தரை காய்ந்துதான் இருக்கிறது, அக்கா. இருந்தும் எழுந்து எழுந்து போய்க் கையால் தடவிப் பார்க்கிறேன்.