வெட்டும் முன் நனைத்த துணி

இன்று காலை மாடிப்படி வழியாக ஈரத்துணி வாசனை இறங்கி வந்தது. புதுப் பருத்தித் துணியைத் தண்ணீரில் போட்டால் கஞ்சி கரைந்து வருமே, அந்த வாசனை. காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நீ போன பிறகு இந்த வீட்டில் அது வரவே இல்லை.

உன் தையல் கூடத்தை இப்போது, உன்னிடம் தைத்துக்கொண்டிருந்த மல்லிகாதான் பார்த்துக்கொள்கிறாள். நீ நனைத்து உலர்த்தி வைத்திருந்த துணி தீரும்வரை தைத்தாள். அடுத்து எதை வாங்குவாளோ என்பதுதான் என் கவலையாக இருந்தது. காட்டன் கசங்குகிறது, பழையபடி பாலியெஸ்டரே கொடுங்கள் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள் அவளை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அது அவள் பிழைப்பு. என் துக்கத்தை அதன்மேல் ஏற்றக் கூடாது அல்லவா?

நீயும் பாலியெஸ்டரில் தொடங்கியவள்தான். உன் லேபிள் தைத்த பூப்போட்ட நைட்டிகளுக்குத் திருவெறும்பூர் குவார்ட்டர்ஸ் வரை ஆள் இருந்தது. அங்கேதான் ஒரு கோடையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி உன்னிடம் சொன்னாள்: "கலரெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. இதப் போட்டுக்கிட்டுத் தூக்குனா பாப்பா கன்னமெல்லாம் வேர்க்குரு." குழந்தையின் கன்னத்தை நீ தடவிப் பார்த்தாயாம். ஸ்ரீரங்கம் வந்து பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டாய், இனி பருத்திதான் என்று.

ஆனால் காலமெல்லாம் சுருங்காத துணியை வெட்டிப் பழகிய கை உன்னுடையது. வந்த துணிக்கட்டை அப்படியே பிரித்தாய், வெட்டினாய், தைத்தாய், விற்றாய். ஒரு சலவைதான். நைட்டியெல்லாம் முழங்காலை நோக்கி ஏறிவிட்டது. கீழ உத்தர வீதி மாமி அதை உடுத்திக்கொண்டே நம் வாசலில் வந்து நின்றார். "நைட்டின்னு குடுத்தேள். தோய்ச்சா கவுனா வந்திருக்கு."

அன்று நீ சாப்பிடவில்லை. லேபிளின் பேரே போய்விட்டது என்று உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தெரிந்தது விளக்கம் சொல்வது மட்டும். பிரேயரில் பிள்ளைகளை விறைப்பாக நிற்க வைப்பது போலத் தறியில் நூலை இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள், தண்ணீர் பட்டதும் மணி அடித்த மாதிரி எல்லாம் தளர்ந்து தன் இயல்புக்கு வந்துவிடுகிறது என்றேன். நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய்.

"இத வெட்டறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டீங்களா, வாத்தியாரே?"

அதன் பிறகுதான் சிரித்தாய். விற்றதையெல்லாம் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் வேறு நிறத்தில் ஒரு சாண் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாய். சில மாதங்களில் கடைகளில் பெண்கள் பட்டை வைத்த நைட்டி என்று கேட்டே வாங்கினார்கள். மாமியும் இன்னொன்று வாங்கினார். அன்று முதல் நனைத்துக் காயவைக்காத எந்தத் துணியிலும் நீ கத்தரி வைத்ததில்லை. பள்ளி விட்டு வந்ததும் எனக்கு மாடியில் துணி பிழிகிற வேலை. ஒரு முனையில் நீ, மறுமுனையில் நான், எதிரெதிராக முறுக்குவோம். உன் பிடி என்னுடையதைவிட வலு.

காலையில் மேலே போனேன். மல்லிகா தனியாகத் துணியைத் தொட்டிச் சுவரில் அழுத்திப் பிழிந்துகொண்டிருந்தாள். கடைக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"கசங்குதுன்னு கடைக்காரங்கதான் சொல்றாங்க சார். போடறவங்க யாரும் சொல்லலையே."

மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். கை பழையபடி முறுக்கியது. எதிரே நீ இல்லை என்பது அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. வீட்டுக்குள் தனியாக இருக்கும்போதுகூட அப்படித் தெரிந்ததில்லை.

துணியை விரித்துப் போடும்போது கொடிக்கயிறு என் நெற்றியில் இடித்தது. உன் கைக்கு எட்டுகிற உயரத்தில் நீ கட்டியது.

"ஒசத்திக் கட்டிடட்டுமா சார்? எனக்கு எட்டும்."

"இருக்கட்டும்மா" என்றேன்.

கொள்ளிடக் காற்றில் துணி சீக்கிரமே காய்ந்துவிட்டது. மாலையில் எடுக்கப் போனபோது, கயிற்றை எட்டும் முன்பே என் தலை தானாகக் குனிந்தது.